ஏழு சகோதரிகளும் ஒரு கட்டிலும்

நம்மிடம் முன்பு வாசித்த மாணாக்கர் ஒருவர் காப்பிப் பொடிக் கடை வைத்தார். பொடி நன்றாயிருந்தது, வாடிக்கையும் சேர்ந்தது. அவ்வளவோடு நின்றிருக்கலாம். "குடை இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டதும் குடை வாங்கிப் போட்டார். "நோட்டுப் புஸ்தகமும் வைக்கலாமே!" என்று வேறொருவர் யோசனை சொன்னார், அதுவும் வந்து சேர்ந்தது. மூன்றாவது வருஷத்தில் அந்தக் கடையில் கிடைக்காத சாமான் ஒன்றே ஒன்றுதான்: நல்ல காப்பிப் பொடி! மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. கடையையும் மூடிவிட்டு, ஒரு நாள் மாலை நம்மைத் தேடி வந்தார்.

"ஸார், நஷ்டம் வந்தது தெரிகிறது, எங்கே வந்தது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

சிறு வியாபாரம் நொடித்துப் போனால், "கைமுதல் போதவில்லை" என்று சொல்வது நம்மவர் வழக்கம். சில இடங்களில் அது வாஸ்தவமாகவும் இருக்கலாம். ஆனால் எண்பது ரூபாய்க் கடனில் பிறந்து தழைத்த தொழில் ஒன்று நம் தேசத்தில் இருக்கிறது. அதன் கதையை அன்று மாலை அவருக்குச் சொன்னோம். வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

1959-ம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி. அந்நாளைய பம்பாய் நகரில், ஜன நெருக்கம் மிகுந்த கிர்காம் பகுதியில், பழைய கட்டிடம் ஒன்றின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். சமூக ஊழியரான சகன்லால் கரம்சி பாரேக் கடனாகக் கொடுத்த 80 ரூபாய்தான் முதல். அன்றைக்குத் தேறியவை நான்கே கட்டுகள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தீர்மானம் செய்து கொண்டார்கள். பிற்காலத்தில் 'லிஜ்ஜத்' என்ற பெயரால் பிரசித்தி பெற்ற ஸ்தாபனம் இதுவே.

ஆரம்பத்தில் அவர்களுக்கும் ஒரு சபலம் உண்டாயிற்று. உயர்ந்த ரகம் ஒன்று, மலிவு விலையில் மட்ட ரகம் ஒன்று என இரண்டு வகை அப்பளம் செய்தார்கள். சகன்லால் அதைத் தடுத்தார். ஒரே தரமாகச் செய்ய வேண்டும், அந்தத் தரம் ஒரு நாளும் குறையக் கூடாது என்றார். தர்ம காரியமாக அன்றி வியாபாரமாகவே நடத்தி, கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்றும் வற்புறுத்தினார். எவ்வளவு சரியான யோசனை! மட்ட ரகம் என்று ஒன்று இருந்துவிட்டால் அசிரத்தைக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. ஒரே ரகம் என்றால் கை தவறியது உடனே கண்ணில் படுகிறது.

முதல் வருஷம் மழைக்காலத்தில் நான்கு மாதம் வேலை நின்று போயிற்று. வெயில் இல்லாமல் அப்பளம் காயுமா? அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம். கட்டிலின் கீழ் அடுப்பு. மழை பாட்டுக்கு மழை பெய்தது, அப்பளமும் காய்ந்தது!

திட்டம் என்றால் பெரிய காகிதத்தில் கோடு போடுவது என்று நாம் நினைக்கிறோம். சென்ற வருஷம் எங்கே கால் தடுக்கிற்று என்பதை மறவாமல், அடுத்த மழைக்குள் அதற்கு வழி செய்வதே திட்டம். மறவாமல் இருக்கச் சிட்டையும் பேரேடும் வேண்டும். அந்த ஏழு பேரின் முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய் என்று இன்றும் சொல்ல முடிகிறது. நம் மாணாக்கருக்கோ, முந்தின மாதம் எத்தனை குடை விற்றது என்பதே தெரியாது.

இனி, சிப்பந்திகள் விஷயம். லிஜ்ஜத்தில் முதலாளி, கூலியாள் என்ற பேதம் இல்லை. வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் சகோதரிகள், எல்லோரும் பங்காளிகள். பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அப்பளம் இட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சரக்கைப் பரிசோதித்து, செய்த வேலைக்குக் கூலி கொடுக்கப்படுகிறது. வீட்டில் சுத்தமான இடவசதி இல்லாதவரைத் தள்ளிவிடுவதில்லை. மாவு பிசையவோ கட்டுக் கட்டவோ அவருக்கு வேலை தருகிறார்கள். சகோதரி என்பதற்காகச் சோதனையை விடுவதில்லை. சோதனை செய்வதால் சகோதர பாவமும் குறைவதில்லை. நம் கடைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது. உறவுக்காரப் பையன் என்று கண்ணை மூடிக்கொள்கிறோம்; அல்லது எல்லோரையும் திருடனாகப் பாவித்துக் கல்லாப்பெட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று அந்த ஸ்தாபனத்தில் 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்து பிழைக்கிறார்கள். அன்று மாடியில் கூடிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கதையைக் கேட்டுப் போன மாணாக்கர் மறுபடியும் சிறிய அளவில் கடை திறந்திருக்கிறார். காப்பிப் பொடி மட்டுமே; அதுவும் ஒரே ரகம். சென்ற வாரம் சிட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவியின் வளையல்கள் இன்னும் மீளவில்லை. ஆயினும் முகத்தில் பழைய கலக்கம் இல்லை.

"இந்த மாதமும் கொஞ்சம் நஷ்டந்தான், ஸார்" என்றார். "ஆனால் எங்கே என்று தெரிந்துவிட்டது. கொட்டையை வறுக்கும்போது தீய விட்டுவிடுகிறோம். நாளை முதல் வறுக்கும் பையன் பக்கத்தில் நானே நின்று கவனிக்கப் போகிறேன்."