பிறரின் இரகசியம் தங்கும் கைத்தொலைபேசி

யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் பணியாற்றும் கிராம உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், வைத்தியர், செய்தியாளர் ஆகியோரின் அலுவல்களில் பெரும்பகுதி இன்று கைத்தொலைபேசியிலேயே நடைபெறுகின்றது. தேசிய அடையாள அட்டைகளின் படங்கள், கர்ப்பிணித் தாய்மாரின் விபரங்கள், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் சொன்ன சாட்சியங்கள் என யாவும் வட்ஸ்அப், வைபர் வழியாக வந்து, குடும்பப் படங்களோடு கலந்து ஒரே கருவியில் தங்கிவிடுகின்றன. ஆதலால், உரிமையாளர் அறியாதவாறு கருவியில் புகுந்து அதன் உள்ளடக்கத்தை வேறொருவருக்கு அனுப்பும் உளவுமென்பொருள் இத்தகைய கைத்தொலைபேசியில் இடம்பிடிக்கும்போது, அவரை நம்பித் தம் நோயையும் துயரையும் சொன்ன அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து பாதிக்கப்படுகின்றனர். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த ஊர் மானிப்பாய். நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை இங்கே வைத்தியசாலைச் சுவர்களைக் கடந்து, உத்தியோகத்தரின் சட்டைப்பைக்குள் இருக்கும் கருவிவரை நீள்கின்றது.

உளவுமென்பொருளின் உச்ச வடிவத்தை உலகம் 2016 ஆகஸ்டில் அறிந்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமட் மன்சூர் தமக்கு வந்த ஐயத்துக்குரிய குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பை அழுத்தாமல், ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தமையால், இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் பெகாசஸ் என்னும் மென்பொருள் அம்பலமானது. பின்னர் வந்த அதன் வடிவங்களுக்கு இணைப்பை அழுத்தவேண்டிய தேவைகூட இருக்கவில்லை; செய்திச் செயலியின் குறைபாடொன்றைப் பயன்படுத்தி, பயனர் எதையும் தொடாமலே கருவிக்குள் நுழையும் இம்முறை 'தொடுகையற்ற தாக்குதல்' எனத்தக்கது. 2021 ஜூலையில் பன்னாட்டு ஊடகங்கள் இணைந்து வெளிக்கொணர்ந்த, பெகாசஸின் இலக்குகளாகத் தெரிவுசெய்யப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 50,000 தொலைபேசி எண்களைக் கொண்ட பட்டியலில், ஈழத்தமிழருக்கு நீதி கோரும் தமிழ்நாட்டின் மே 17 இயக்கத்தைச் சேர்ந்த திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாக இந்தியச் செய்தித்தளமான 'தி வயர்' செய்தி வெளியிட்டது. பட்டியலில் எண் இருந்தமை கருவி ஊடுருவப்பட்டதற்குச் சான்றாகாது என்பது உண்மையே. ஆயினும் ஈழத்தமிழர் நீதிக்காகக் குரல் கொடுப்போரின் எண்களும் அத்தகைய பட்டியலொன்றில் இடம்பெறக்கூடும் என்பதை வடக்கிலுள்ள செய்தியாளரும் செயற்பாட்டாளரும் அலட்சியம் செய்வதற்கில்லை. இங்கு காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் கண்காணிக்கப்படுவதை ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்துள்ளன.

வட்ஸ்அப் செய்திகள் மறைகுறியாக்கப்பட்டவை, ஆகவே பாதுகாப்பானவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மறைகுறியாக்கம் என்பது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர்ந்த எவரும் வாசிக்க இயலாதவாறு செய்தியை வழியில் காப்பதாகும். உளவுமென்பொருளோ வழியில் நிற்பதில்லை, செய்தி வாசிக்கத்தக்க வடிவில் திரையில் தோன்றும் இடத்திலேயே அமர்ந்திருக்கின்றது.

எனினும், மானிப்பாயைப் போன்ற ஊரில் பெகாசஸைவிடப் பன்மடங்கு நெருங்கிய ஆபத்துகள் உள்ளன என்பதும், அவற்றுக்கு எவ்வித நுட்பமும் தேவைப்படுவதில்லை என்பதும் அழுத்திச் சொல்லப்படவேண்டியவை. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் கொடுத்தனுப்பும் ஐபோன் சிலவேளை அனுப்பியவரின் அப்பிள் கணக்கிலேயே இயங்குகின்றது. அந்நிலையில் பெறுபவரின் இருப்பிடமும் படங்களும், எவருக்கும் தீய நோக்கம் இல்லாமலே, கடல் கடந்து இன்னொருவரின் பார்வைக்குச் செல்லக்கூடும். புதிய அன்ட்ரொயிட் கருவியை வாங்கும்போது கடைக்காரரே கூகுள் கணக்கைத் திறந்து கடவுச்சொல்லையும் அமைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. திருத்துவதற்காகக் கொடுக்கப்படும் தொலைபேசியோடு திரைப்பூட்டின் இலக்கங்களும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. பூட்டுத் திறந்த கருவி சில நிமிடம் பிறர் கையில் இருந்தால், வட்ஸ்அப்பை இன்னொரு கணினியோடு இணைத்துவிடலாம். அதன்பின் உரையாடல்கள் அங்கும் தெரிந்துகொண்டிருக்கும். இவை எவற்றுக்கும் உளவுமென்பொருள் என்ற பெயர் பொருந்தாது, ஆனால் விளைவு ஒன்றே. ஆகவே, கூகுள் அல்லது அப்பிள் கணக்கில் உள்நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலையும், வட்ஸ்அப் அமைப்புகளில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலையும் திறந்து பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றி, கடவுச்சொல்லைத் தாமே மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்கு மேலதிகமாக இரண்டாவது சான்றொன்றைக் கேட்கும் ஏற்பாட்டை, அமைப்பதே முதல் வேலை. பணம் கொடுத்துப் பாதுகாப்புச் செயலி எதையும் நிறுவுவது அதன் பின்னரே எண்ணத்தக்கது.

காசுக்கு விற்கப்படும் உளவுச் செயலிகள் பெகாசஸுக்கும் மேற்சொன்ன எளிய வழிகளுக்கும் இடைப்பட்டவை. பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கு என்று விளம்பரப்படுத்தப்பட்டு, பெரும்பாலும் வாழ்க்கைத் துணையை வேவுபார்க்கப் பயன்படும் இவற்றை நிறுவப் பொதுவாகக் கருவி கையில் கிடைக்கவேண்டும். அன்ட்ரொயிட்டில் இவை பார்வைக் குறைபாடுடையோர் போன்றோருக்கு உதவ உருவாக்கப்பட்ட அணுகல்தன்மைச் சேவையின் அனுமதியைப் பெற்று, திரையில் தோன்றும் அனைத்தையும் வாசிக்கின்றன. ஆகையால் அந்த அனுமதியும் அறிவித்தல்களை வாசிக்கும் அனுமதியும் எந்தச் செயலிகளுக்கு வழங்கப்பட்டுள்ளன என்பதை அவ்வப்போது பார்ப்பது பயனுடையது.

உயர்மட்டத் தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய செய்தியாளரும் சட்டத்தரணியும் ஐபோனில் 2022 முதல் உள்ள முடக்கநிலையை இயக்கிவைக்கவேண்டும்; இது செய்திகளோடு வரும் பெரும்பாலான வகை இணைப்புக் கோப்புகளையும் முன்னறிமுகமற்றோரின் சில அழைப்புகளையும் தடுத்து, தாக்குதலுக்கான வாசல்களைக் குறைக்கின்றது. இயங்குதளத்தின் புதுப்பிப்புகளைப் பிற்போடாதிருத்தல் எல்லோருக்கும் உரியது. புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவி இன்னும் நன்றாக வேலை செய்கின்றது என்பதற்காக அதில் அலுவலகத் தகவலை வைத்திருப்பது நோயாளிக்கும் சாட்சிக்கும் செய்யும் அநீதி. கருவியை அடிக்கடி நிறுத்தி மீள இயக்குவதும் உதவும், ஏனெனில் தொடுகையற்ற தாக்குதல்கள் பல தற்காலிக நினைவகத்தில் மாத்திரமே தங்கி, மீள இயக்கும்போது நீங்கிவிடுகின்றன.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றிக் கணினியில் நுழைவதைக் குற்றமாக்குகின்றது. தகவலைக் கையாளும் இலத்திரனியல் கருவிகளை அச்சட்டம் கணினி எனக் கொள்வதால் கைத்தொலைபேசியும் அதனுள் அடங்கும். தொழில்கொள்வோர் ஊழியரின் இருப்பிடத்தைச் சொல்லாமல் பின்தொடர்வது போன்றவற்றைக் கட்டுப்படுத்தக்கூடிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதன்மைப் பகுதிகளோ, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. இந்தத் தாமதத்தின் சுமையைத் தாங்குவோர் தம் தகவல் எங்கெங்கே செல்கின்றதென்று அறியவே வழியற்ற எளிய மக்கள்.

உளவு நடப்பதாக ஐயம் எழுந்தவுடன் கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு யாவற்றையும் அழித்துவிடுவதே பலரது முதல் எண்ணம். வீட்டிலுள்ள ஒருவர் வேவுபார்க்கும் நிலையில் செயலி திடீரென மறைவது அவரை உசுப்பி வன்முறைக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதால், பாதிக்கப்பட்டவர் வேறொரு தொலைபேசியிலிருந்து நம்பத்தகுந்தவரோடு பேசிய பின்னரே அதை அகற்றுவது நல்லது. செய்தியாளரின் கருவியாயின் அழிப்பது தடயத்தையும் சேர்த்து அழித்துவிடும். சிவில் சமூகத்தினருக்கு இலவசமாக உதவும் அக்செஸ் நவ் அமைப்பின் எண்ணிம உதவிச் சேவையையோ சர்வதேச மன்னிப்புச் சபையின் பாதுகாப்பு ஆய்வகத்தையோ முதலில் தொடர்புகொண்டு கருவியைப் பரிசோதிக்கச் செய்யலாம். முடிவு வரும்வரை சாட்சிகளோடான பேச்சு அந்தக் கருவிக்கு வெளியே, இயன்றால் நேரில், நடைபெறவேண்டும். ஏற்கெனவே அதில் பேசியவர்களுக்கும் விடயத்தைத் தெரியப்படுத்தவேண்டும்.