பழைய படம் இருக்கிறதா?

பாட்டியின் தகரப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. உள்ளே அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வலது தோளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் தோட்டம் போட்டார். 1897-இல் தைப்பிங் மருத்துவமனைக்கு எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. ஆனால் பால் வெட்டுகிறவரின் நெஞ்சுக்குள் அது எட்டிப் பார்க்க நெடுங்காலம் பிடித்தது.

அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் எனப்படும் மருத்துவ உதவியாளர்தான் எல்லாம். கண் இமையை இழுத்துச் சோகை பார்ப்பார். முதுகில் விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே சளி கட்டியிருப்பதைச் சொல்வார். அதற்கு மேல் என்றால் மலாக்கா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லேடாங் மலையடிவாரத்து அசகானிலிருந்து போய்வர ஒரு பொழுதும் ஒரு நாள் சம்பளமும் போய்விடும். அதனால் இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனவர்கள் பலர். 1961-இல் நாட்டில் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கிய பிறகுதான் பாட்டியைப் போன்றவர்களுக்குப் படமும் மருந்தும் கிடைத்தன.

இன்று அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. கர்ப்பிணிகள் வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பை ஸ்கேன் திரையில் பார்க்கிறார்கள். திடீரென்று வாய் கோணி, கை விழுந்துவிட்டால் அன்று 'வாதம்' என்று எண்ணெய் தேய்த்தோம். மூளையில் இரத்தம் கசிந்ததா, இரத்தக் கட்டி அடைத்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்த சி.டி. ஸ்கேன்தான் அந்த மயக்கத்தைத் தீர்த்தது. அடைப்பு என்று தெரிந்தால் நான்கரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆகவே எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள், உடனே வண்டியை எடுங்கள்.

கருவி கிட்டே வந்த அதே காலத்தில் வேறொன்று கைவிட்டுப் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. லயத்து வீடுகளைக் காலி செய்து செங், டுரியான் துங்கல் பக்கம் குடியேறியபோது பானை சட்டி வந்தது, சாமி படம் வந்தது. பலருடைய மருத்துவச் சீட்டும் எக்ஸ்ரே உறையும் குப்பைக்குப் போயின.

அந்த இழப்பின் கனம் பாட்டியை நெஞ்சுப் படம் எடுக்க அழைத்துப் போன அன்றுதான் எனக்குப் புரிந்தது. "தாரிக் நஃபாஸ்… தாஹான்" என்றதும் எண்பது வயது கடந்த பாட்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். திரையில் அதே திட்டு. மருத்துவர் முதலில் கேட்டது, "பழைய படம் இருக்கிறதா?" என்றுதான்.

உறையை நீட்டினேன். விளக்குப் பெட்டியில் பழையதை மாட்டி, திரையில் இருந்த புதியதோடு நெடுநேரம் ஒப்பிட்டார். அளவும் ஓரமும் மாறவில்லை. "ஆறிய காசநோய்த் தழும்பு, பயமில்லை" என்றார். அந்த உறை இல்லையென்றால் அடுத்தது சி.டி. ஸ்கேன். ஒரு நெஞ்சு சி.டி.யின் கதிர்வீச்சு பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமம். அதோடு, புற்றுநோயோ என்று வீடே உறங்காமல் கிடந்திருக்கும்.

புதிய படத்தின் பிரதியைக் குறுந்தட்டில் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டி அதை அந்தப் பழுப்பு உறைக்குள்ளேயே செருகி, சேலைக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினார்.