பிரான்சிஸ்காவின் மரணம்: ஜெனி மார்க்சின் வாழ்க்கைக் குறிப்புப் பற்றிய ஒரு நோக்கு

கார்ல் மார்க்சின் குழந்தைகள் இலண்டனில் வறுமையுற்ற நிலையில் இறந்த செய்தி தமிழ் வாசகர் அறியாததன்று. தமிழில் மார்க்சின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதனை ஒரு தியாகக் கதையாகவே கூறிச் செல்வர். அவ்வாறு கூறுமிடத்து, இறந்த குழந்தையும் அதுபற்றி எழுதிய தாயும் தந்தையின் பெருமைக்குச் சான்றுகளாகச் சுருங்கிவிடுகின்றனர். ஜெனி மார்க்ஸ் 1865இல் எழுதி, நெடுங்காலத்தின் பின்னரே அச்சேறிய வாழ்க்கைக் குறிப்பில் பிரான்சிஸ்கா என்னும் குழந்தையின் மரணம் இடம்பெறும் பகுதியை, அதற்குரிய சமூகப் பகைப்புலத்தில் வைத்து நோக்குவதே எமது எண்ணம்.

1848இன் புரட்சிகள் தோல்வியுற்றதைத் தொடர்ந்து இலண்டனை அடைந்த ஜேர்மன் அகதிகளுள் மார்க்ஸ் குடும்பமும் ஒன்று. 1849 ஓகஸ்டில் மார்க்சும், அடுத்த மாதம் மூன்று குழந்தைகளுடன் கருவுற்றிருந்த ஜெனியும் வந்தனர். நவம்பர் 5இல் குய்டோ பிறந்தான். பாலூட்டும் செவிலிக்குக் கொடுக்கப் பணமின்மையால் தாமே பாலூட்டியதையும், வாடகைப் பாக்கிக்காக வந்தோர் குழந்தையின் தொட்டிலையும் விட்டுவைக்காததையும் 1850 மே மாதத்தில் நண்பர் வைடமையருக்கு எழுதிய கடிதத்தில் ஜெனி விபரிக்கின்றார். அவ்வாண்டு நவம்பர் 19இல் குய்டோ இறந்தான். 1851 மார்ச் 28இல், சோகோப் பகுதியின் டீன் வீதியில், பிரான்சிஸ்கா பிறந்தாள்.

அவள் 1852 ஏப்ரல் 14இல் கடுமையான மார்புச்சளி நோயால் இறந்தாள். மூன்று நாட்கள் சாவோடு போராடியதன் பின் உயிர் பிரிந்தது. சிறிய உடலைப் பின்னறையில் கிடத்திவிட்டு, எல்லோரும் முன்னறைக்கு வந்து தரையிற் படுக்கை விரித்தனர். உயிரோடிருந்த மூன்று பிள்ளைகளும் பெற்றோரின் அருகிற் கிடந்தனர். அடக்கஞ் செய்யப் பணமில்லை. ஜேர்மன் நண்பர்களால் அவ்வேளையில் உதவ முடியவில்லை. அயலில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சு அகதியிடம் ஜெனி ஓடினார். அவர் உடனே கொடுத்த இரண்டு பவுணிற் சவப்பெட்டி வாங்கப்பட்டது. ஜெனியின் தந்தைவழி அரைச் சகோதரரான பேர்டினண்ட் அப்போது பிரஷ்யாவின் உள்நாட்டு அமைச்சராயிருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இப்பகுதியின் வலிமை அதன் கணக்குகளிலேயே தங்கியுள்ளது என்பது எமது கருத்து. எத்தனை அறைகள், எத்தனை நாட்கள், எத்தனை பவுண் என்றே ஜெனியின் நினைவு நகர்கின்றது. பதின்மூன்று ஆண்டுகளின் பின் எழுதும்போதும் அத்தொகையை அவர் மறக்கவில்லை. பெருநிலப் பிரபுக்களோடு உறவுடைய குடும்பத்திற் பிறந்த ஒருவருக்கு, துயரத்தையும் கடனையும் பிரித்துக் கூற முடியாதவாறு வாழ்க்கை அமைந்துவிட்டது. மார்க்சோ குழந்தை இறந்த அன்று ஏங்கல்சுக்கு எழுதியவை ஓரிரு வரிகளே. 1855இல் எட்டு வயது எட்கர் இறந்தபோதுதான் அவரது கடிதங்களில் மனமுடைவு வெளிப்படுகின்றது.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்திலும் குழந்தைச் சாவு பேசப்படுகின்றது. இயந்திரத் தொழில் பற்றிய அத்தியாயத்தில், ஒரு வயதுக்குட்பட்ட ஓரிலட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் நிகழ்ந்த மரணங்கள் மாவட்டவாரியாகத் தரப்பட்டுள்ளன. பதினாறு மாவட்டங்களில் ஏறத்தாழ 9,000, மான்செஸ்ரரில் 26,125. இயற்கையின் நியதி என்று கருதப்பட்ட சாவு, தாய்மார் வீட்டிற்கு வெளியே கூலிக்கு உழைக்க நேர்ந்ததோடும், பராமரிப்பற்ற குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்து புகட்டப்பட்டதோடும் அங்கே தொடர்புபடுத்தப்படுகின்றது. தம் சொந்தக் குழந்தைகளைப் பற்றி மார்க்ஸ் அவ்விடத்தில் ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனத்தில் மறைந்த கண்ணீரைத் தேடுவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியோம். பிரான்சிஸ்கா ஒரு வயதும் பதினேழு நாட்களும், குய்டோ ஒரு வயதும் பதினான்கு நாட்களும் வாழ்ந்தவர்கள். அவ்வட்டவணையில் அவர்கள் இடம்பெறவே மாட்டார்கள். ஜெனி ஆலைத் தொழிலாளியுமல்லர். அவரது வீட்டில் ஹெலன் டெமூத் என்னும் பணிப்பெண் இருந்தார். அகதி அறிவாளியின் வறுமையும் ஆலைத் தொழிலாளியின் வறுமையும் ஒன்றென்று கொள்வது ஆய்வுக்கு உதவாது.

ஆயினும் இரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. சின்னஞ்சிறு அறைகளில் மற்றப் பிள்ளைகளோடு வளர்க்க இயலாமையால் பிரான்சிஸ்கா பிறந்ததும் ஒரு செவிலியிடம் ஒப்படைக்கப்பட்டாள் என ஜெனியே குறிப்பிடுகின்றார். அக்கால இலண்டனில் இவ்வாறு கூலிக்குப் பிறர் குழந்தைகளை வளர்த்தோர் பெரும்பாலும் வறிய பெண்களே. அச்செவிலியின் பெயரையோ, அவளுக்கு எவ்வளவு கூலி கொடுபட்டது என்பதையோ ஜெனி எழுதவில்லை. சவப்பெட்டியின் விலையை நினைவிற் கொண்ட குறிப்பில் இத்தொகை விடுபட்டுள்ளமை எமது கவனத்திற்குரியது. மூலதனத்தின் அட்டவணைகள் அத்தகைய பெண்களின் குழந்தைகளைப் பற்றியவை. அவர்களுள் எவரும் தமது இழப்பை எழுதும் வாய்ப்பைப் பெற்றிருத்தல் அரிது. ஜெனியின் குறிப்பை அவ்வட்டவணைகளோடு அருகருகே வைத்துப் படிக்கும்போதே, எழுதப்பட்ட துயரத்தின் எல்லையும் எமக்குத் தெரியவருகின்றது.