ஊரார் குழுவும் கல்வி அதிகாரியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சட்டத்தில் கல்வி என்னும் சொல்லே இடம்பெறவில்லை. பள்ளிகளை நடத்தும் பொறுப்பு அங்கே மாநிலங்களுக்கு உரியது. மாநிலங்களோ அப்பொறுப்பைப் பெரும்பாலும் ஊராரிடமே ஒப்படைத்துவிட்டன. ஓர் ஊரோ, சில ஊர்களோ சேர்ந்த பகுதிக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். மாவட்டம் என்றவுடன் நாம் மதுரையையோ தஞ்சாவூரையோ நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை; ஒரே ஒரு பள்ளியை மட்டும் உடைய மாவட்டங்களும் அங்கே உண்டு. 1940ஆம் ஆண்டு வாக்கில் இத்தகைய மாவட்டங்கள் 1,17,000 இருந்தன. சிறியவை பலவும் இணைக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்திருக்கின்றன.

ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஒரு பள்ளிக் குழு உண்டு. பெரும்பாலான இடங்களில் ஐவர் அல்லது எழுவர் அல்லது ஒன்பதின்மரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் கல்வித் துறையில் பயின்றவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மளிகைக் கடைக்காரர், வழக்கறிஞர், பல் மருத்துவர், வீட்டை ஆளும் தாய் என்று பலதரப்பட்டோர் அதில் அமர்வர். இக்குழு, கல்வியில் தேர்ந்த ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்திக்கொள்கிறது. அவருக்கு சூப்பரின்டெண்டென்ட் என்று பெயர். நாம் கல்வி அதிகாரி என்று சொல்லலாம். நம் நாட்டில் மாவட்டக் கல்வி அதிகாரியை அரசாங்கம் நியமிக்கிறது, அரசாங்கமே மாற்றுகிறது. அங்கேயோ அவரை வரவழைப்பதும் வழியனுப்புவதும் ஊரார் குழுவின் கையில்தான்.

இந்த ஏற்பாட்டில் உள்ள விந்தையைக் கவனிக்க வேண்டும். அறிந்தவர், அறியாதவருக்குக் கீழ்ப்பட்டுப் பணிபுரிகிறார். ஆனால் அந்த அறியாதவர்களுக்கு எது நல்லது என்று எடுத்துச் சொல்லி வழிகாட்டுவதும் அவருடைய கடமையே. வேலைக்காரராகவும் வழிகாட்டியாகவும் ஒரே சமயத்தில் இருப்பது எளிதன்று.

தொடக்கத்தில் இத்தகைய அதிகாரியே இல்லை. மாசசூசெட்ஸில் 1647ஆம் ஆண்டிலேயே, ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பிற்காலத்தில் ஊர்க் குழுவினரே பள்ளிக்குச் சென்று பிள்ளைகளைக் கேள்வி கேட்டனர், ஆசிரியரையும் சோதித்தனர். நகரங்கள் பெருத்தபோது இது இயலாததாயிற்று. 1837இல் பஃபலோ, லூயிவில் ஆகிய இரு நகரங்களும் தனி அதிகாரிகளை நியமித்தன. அன்று தொடங்கியது எல்லைத் தகராறு.

கொள்கையை வகுப்பது குழு, அதனை நடத்துவது அதிகாரி என்று பாடப் புத்தகத்தில் எழுதிவிடலாம். புதிய பள்ளி கட்டுவதா, வரி எவ்வளவு என்பவை குழுவின் வேலை. எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்பது அதிகாரியின் வேலை. ஆனால் குழுவில் ஒருவருடைய உறவினர் வேலை கேட்டு வந்து நிற்கும்போது இந்தக் கோடு மங்கிப் போகும். பெற்றோர் ஒருவர் இரவில் உறுப்பினரின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, மறுநாள் காலை அவ்வுறுப்பினர் தலைமையாசிரியரை அழைத்து உத்தரவிட்டாலும் அப்படித்தான். குழுவிற்கு அதிகாரம் உண்டு. கூட்டத்திற்கு வெளியே தனி உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதே அங்கு விதி. இதை நினைவில் வைத்திருக்கும் உறுப்பினர் வாய்த்த அதிகாரி பாக்கியசாலி.

சிகாகோ நகரில் எல்லா ஃப்ளாக் யங் என்னும் அம்மையார் 1909இல் இப்பதவிக்கு வந்தார். பெருநகரம் ஒன்றின் கல்விப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவரே. 1862 முதல் பள்ளியில் பணியாற்றிய அனுபவம் அவருக்குத் துணையாக இருந்தது. 1913 டிசம்பரில் குழுவினர் அவரை மீண்டும் தேர்ந்தெடுக்காமல் விட்டனர். நகரத்துப் பெண்கள் திரண்டு எதிர்த்தனர். அக்காலத்தில் சிகாகோவில் குழுவினரை நியமித்தவர் நகரத் தலைவர். அவர் உறுப்பினர் சிலரை மாற்றினார். அம்மையார் பதவிக்குத் திரும்பினார். அதிகாரியின் பதவியைக் காத்தது எந்த ஒப்பந்தமும் அன்று, ஊராரின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையே பிளந்துபோனால் என்ன ஆகும் என்பதை ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம் உலகிற்குக் காட்டிற்று. வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் பிரித்துப் படிக்க வைப்பது சட்டத்திற்கு முரண் என்று 1954 மே 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாட்களுக்குள்ளாகவே, தீர்ப்புக்கு இணங்குவோம் என்று லிட்டில் ராக் பள்ளிக் குழு அறிவித்தது. விரும்பி அன்று, சட்டம் என்பதற்காக. கல்வி அதிகாரி வர்ஜில் பிளாசம் அதற்கு முந்திய ஆண்டில்தான் பதவி ஏற்றிருந்தார். திட்டம் அவருடையது. அவர் ஊர் ஊராக, சங்கம் சங்கமாகச் சென்று அதை விளக்கினார். ஆனால் எதிர்ப்பைத் தணிக்க வேண்டி அதைச் சுருக்கிக்கொண்டே வந்தார். முடிவில், 1957இல் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மட்டும் ஒரு சில கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது என்று நின்றது. வசதியுள்ள வெள்ளையர் வாழும் பகுதியில் அதே ஆண்டில் ஹால் என்னும் புதிய பள்ளி திறக்கப்பட்டது. அங்கே இந்த மாற்றம் வரவில்லை. பாரத்தைச் சுமக்க வேண்டியவர்கள் உழைப்பாளி வீட்டார் மட்டுமே என்ற மனக்கசப்பு எழுந்தது. பிளாசம் கெட்டிக்காரர், ஆனால் ஊரின் திட்டமாக இருக்க வேண்டியதைத் தம் திட்டமாக்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. குழுவினர் அவருக்குப் பின்னே நின்றார்களேயன்றி, முன்னே வந்து நிற்கவில்லை.

பின்னர் நடந்ததை நேயர்கள் பலரும் அறிவர். 1957 செப்டம்பர் 4இல் ஆளுநர் ஃபாபஸ் மாநிலப் படையை நிறுத்தி ஒன்பது மாணவர்களையும் தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் இராணுவத்தை அனுப்பினார். செப்டம்பர் 25இல் அம்மாணவர்கள் அதன் காவலில் பள்ளிக்குள் சென்றனர். களைத்துப் போன பள்ளிக் குழு, இன்னும் சில ஆண்டு அவகாசம் வேண்டும் என்று நீதிமன்றத்தை நாடியது. 1958 செப்டம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. உடனே ஆளுநர் நகரின் உயர்நிலைப் பள்ளிகளை மூடினார். இன ஒருமைப்பாட்டை ஏற்பதா என்று மக்களைக் கேட்டபோது, எதிராக 19,470 வாக்குகளும் ஆதரவாக 7,561 வாக்குகளும் விழுந்தன. அந்த ஆண்டு முழுவதும் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. ஆசிரியர்களோ ஒப்பந்தப்படி வெற்று வகுப்பறைகளுக்கு வந்து சென்றனர்.

நவம்பர் மாதம் குழுவினர் ஐவர் பதவி விலகினர். விலகுவதற்கு முன் பிளாசமின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்தனர். அடுத்து வந்த குழுவின் அறுவரில் மூவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். 1959 மே 5ஆம் நாள் கூட்டத்தில் வாக்குகள் சமமாகிக்கொண்டே போக, மிதவாதிகள் மூவரும் எழுந்து வெளியேறினர். எஞ்சிய மூவரும் தாங்களே குழு என்று கருதி, 44 ஆசிரியர்கள், பணியாளர்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மறுத்தனர். சென்ட்ரல் பள்ளியின் தலைமையாசிரியரும் அந்தப் பட்டியலில் இருந்தார். யாரும் அவர்களுடைய பாடத் திறமையைக் குறை கூறவில்லை. இனச் சேர்க்கையை ஆதரிப்பவர்கள் என்ற சந்தேகமே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். யாரைப் பணியில் வைப்பது என்று அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்யவேண்டிய இடத்தில், அரசியல் நேரடியாகக் கைவைத்தது.

முன்பு பள்ளியை மூடச் சொன்ன ஊர் இதைப் பொறுக்கவில்லை. இனப் பிரச்சினையில் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்களை, அவர்கள் செய்யாத குற்றத்திற்காக வீட்டுக்கு அனுப்புவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. பள்ளிகளைத் திறக்கவேண்டும் என்று முந்திய ஆண்டு செப்டம்பரில் கூடிய பெண்கள் கழகம் வீடு வீடாகச் சென்றது. வணிகர்களும் முன்வந்தனர். தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமை அங்கே வாக்காளருக்கு இருந்தது. மே 25இல் நடந்த வாக்கெடுப்பில் பணிநீக்கம் செய்த மூவரும் பதவி இழந்தனர். மிதவாதிகள் மூவரும் நீடித்தனர்.

அக்கோடையிலேயே ஆகஸ்ட் 12ஆம் நாள், வழக்கமான காலத்திற்கு முன்னதாகவே, உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பிளாசமுக்குப் பின் கல்வி அதிகாரியாக வந்திருந்த டெரல் பவல், அதற்கு முன் அந்த நகரத்திலேயே ஹால் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர்.