37 மேட்ச்... 3 கோல்... பாஸா, ஃபெயிலா?

ஒரு ஸ்ட்ரைக்கர் 37 லீக் மேட்ச் ஆடி, மூணே மூணு கோல் அடிச்சிருக்கார். பர்சன்டேஜ் போட்டா சுமார் 8 தான் தேறும். நம்ம யுனிவர்சிட்டியா இருந்தா 'ஆர்.ஏ.'னு போட்டு அரியர் லிஸ்ட்ல தள்ளியிருப்பாங்க!

ஆனா, இந்திய ஃபுட்பால்ல இந்த மூணு கோலுக்கு இருக்குற மரியாதையே தனி. ஏன்னா, அதை அடிச்சது பாய்ச்சுங் பூட்டியா. அடிச்ச இடம் இங்கிலாந்து!

சிக்கிம்ல டிங்கிட்டாம்னு ஒரு மலை கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்துல 1976-ல் பிறந்தவர் பூட்டியா. சின்ன வயசுலேயே 'சாய்' ஸ்காலர்ஷிப் கிடைக்க, காங்டாக்ல ஸ்கூல் படிப்பு. 1992 சுப்ரதோ கோப்பையில பெஸ்ட் பிளேயர். அடுத்த வருஷமே கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. அப்போ தம்பிக்கு வயசு 16. நாமெல்லாம் ப்ளஸ் ஒன் ரெக்கார்டு நோட்டு வரைஞ்சுட்டிருந்த வயசு!

அப்புறம் நடந்ததெல்லாம் அதிரடி. பஞ்சாப்போட ஜே.சி.டி. டீமுக்குப் போனார். 1996-97-ல் முதன்முதலா நடந்த நேஷனல் ஃபுட்பால் லீக்ல ஜே.சி.டி. சாம்பியன், டாப் ஸ்கோரர் நம்ம பூட்டியா. திரும்ப ஈஸ்ட் பெங்கால் வந்ததும் 1997 ஜூலையில ஃபெடரேஷன் கப் அரையிறுதி. எதிர்ல பரம வைரி மோகன் பகான். சால்ட் லேக் ஸ்டேடியத்துல கூடினது 1 லட்சத்து 31 ஆயிரம் பேர்! 4-1னு ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சுது, பூட்டியா ஹாட்ரிக்.

இப்படி ஒரு ஊரே தலையில தூக்கி வெச்சு ஆடும்போது, எவனாவது அதை விட்டுட்டுப் போவானா? பூட்டியா போனார்.

ஜீரோவுல இருந்து ஸ்டார்ட்

1999 செப்டம்பர்ல பரி கிளப்போட ஒப்பந்தம். மான்செஸ்டருக்குப் பக்கத்துல இருக்குற சின்ன ஊர் டீம். மான்செஸ்டர் யுனைடெட், அர்செனல்னு நாம டி.வி.யில பார்த்து விசிலடிக்கிற லெவல் இல்லை. பரி அப்போ ஆடிட்டிருந்தது 'செகண்ட் டிவிஷன்'. பேர்தான் செகண்ட், கணக்குப்படி மூணாவது அடுக்கு. கிக் லேன் ஸ்டேடியத்துல மொத்தமே சுமார் 12 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். சால்ட் லேக் கூட்டத்துல பத்துல ஒரு பங்கு!

ஆனாலும் அது சாதாரண விஷயம் இல்லை பாஸ். அவருக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஆடின இந்தியர்னு பார்த்தா, முகமது சலீம்தான். கொல்கத்தாக்காரர். 1936-ல் ஸ்காட்லாந்து போய், ஷூ போடாம காலில் பேண்டேஜ் மட்டும் சுத்திக்கிட்டு செல்டிக் கிளப்புக்கு ரெண்டு மேட்ச் ஆடினவர். வீட்டு ஞாபகம் தாங்காம திரும்பி வந்துட்டார். அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல கதவு சாத்தியே கிடந்துச்சு. ஐரோப்பிய கிளப் ஒண்ணுல முழுசா ஒப்பந்தம் போட்டு ஆடின முதல் இந்தியர் பூட்டியாதான்.

1999 அக்டோபர்ல கார்டிஃப் சிட்டிக்கு எதிரா சப்ஸ்டிட்யூட்டா இறங்கினார். முதல் லீக் கோல் எப்போ தெரியுமா? 2000 ஏப்ரல்ல, செஸ்டர்ஃபீல்டுக்கு எதிரா. நடுவுல ஆறு மாசம்! ஒரு முழு செமஸ்டர். லட்சம் பேர் பேரைச் சொல்லிக் கத்தினதைக் கேட்ட மனுஷன், கோலே இல்லாம ஆறு மாசம் அங்கே தாக்குப்பிடிச்சிருக்கார். மூணாவது சீசன்ல முழங்கால் காயம், மூணு மேட்ச்தான் ஆட முடிஞ்சது. அதே 2002-ல் கிளப்பும் கடன்ல மூழ்கி, கீழ் டிவிஷனுக்கு இறங்க, பூட்டியா ஊர் திரும்பிட்டார்.

ஃப்ரெஷர் பிரச்னை

'அவ்வளவுதானா?'ன்னு கேட்குறவங்களுக்கு இன்னொரு கதை. 2009-ல் நம்ம சுனில் சேத்ரியை லண்டனோட குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கூப்பிட்டுச்சு. மூணு வருஷ ஒப்பந்தம். ஆனா, பிரிட்டன் அரசு வொர்க் பெர்மிட் கொடுக்கலை. காரணம், ஃபிஃபா தரவரிசையில இந்தியா முதல் 70-க்குள்ள இல்லை!

யோசிச்சுப் பாருங்க. நல்ல லீக்ல ஆடினாத்தான் நம்ம பிளேயர்ஸ் தேறுவாங்க, ரேங்க் ஏறும். ஆனா, ரேங்க் ஏறினாத்தான் அந்த லீக்ல ஆடவே விடுவாங்க. 'எக்ஸ்பீரியன்ஸ் இருந்தாத்தான் வேலை'ன்னு விளம்பரம் கொடுக்குற கம்பெனி வாசல்ல, ரெஸ்யூமோட நிக்கிற நம்ம சீனியர்ஸ் கதைதானே இது? சேத்ரி அப்புறம் 2010-ல் அமெரிக்காவோட கன்சாஸ் சிட்டி, 2012-ல் போர்ச்சுகலோட ஸ்போர்ட்டிங் 'பி' டீம்னு வேற கதவுகளைத் தட்டினார். இப்போ தெரியுதா, மூணாவது அடுக்குனாலும் அந்த 37 மேட்ச் எவ்வளவு பெரிசுன்னு?

வந்ததும் என்ன பண்ணார்?

'ஃபாரின்ல சோபிக்கலை'ன்னு அவர் மூலையில உட்காரலை. 2003 ஜூலையில ஜகார்த்தாவுல ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப். ஈஸ்ட் பெங்கால் ஃபைனல்ல தாய்லாந்தோட பி.இ.சி. டெரோ சசானாவை 3-1னு ஜெயிச்சுது. பூட்டியா ஃபைனல்லயும் கோல் அடிச்சார், மொத்தம் 9 கோலோட டாப் ஸ்கோரர். அதே வருஷம் மலேசியாவோட பெராக் கிளப், 2005-ல் அங்கேயே சிலாங்கூர் எம்.கே. லேண்ட்னு மறுபடியும் வெளிநாடு கிளம்பினார். பயம் தெளிஞ்சவருக்கு பாஸ்போர்ட் சும்மா கிடக்குமா?

கேப்டனா 2007-ல் நேரு கோப்பை, 2008-ல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை. அந்த 2008 வெற்றிதான் 2011 ஆசியக் கோப்பைக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துச்சு. 1984-க்கு அப்புறம், 27 வருஷம் கழிச்சு இந்தியா அங்கே ஆடுது! சோகம் என்னன்னா, தோஹாவுக்கு காயத்தோட போன பூட்டியாவால கடைசி மேட்ச்ல, தென் கொரியாவுக்கு எதிரா கொஞ்ச நேரம்தான் ஆட முடிஞ்சது. இந்தியா மூணு மேட்ச்லயும் தோல்வி. அந்த ஆகஸ்ட்ல ரிட்டயர்மென்ட். 2012 ஜனவரியில டெல்லியில அவரோட வழியனுப்பு மேட்ச்சுக்கு எதிரணியா வந்து நின்னது யார் தெரியுமா? பயர்ன் மியூனிக்!

அந்த பரி கிளப்பைக்கூட பணப் பிரச்னையால 2019-ல் இங்கிலீஷ் லீக்ல இருந்து தூக்கிட்டாங்க. லீக்ல இருந்த இடம் போச்சு... 'முதல் ஒப்பந்தம்'ங்கிற வரலாறு மட்டும் போகலை.

கேம்பஸ்ல பெரிய கம்பெனி கிடைக்கலை, கிடைச்சதும் பேர் தெரியாத ஊர்ல சின்ன வேலைன்னு புலம்புற ஆளா நீங்க? ஆறு மாசமா ஒண்ணும் உருப்படலைன்னு பெட்டியைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... பூட்டியாவோட முதல் கோலுக்கும் ஆறு மாசம் ஆச்சு மச்சி!