எரிபொருள் விலையும் இல்லறச் செலவும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்திருக்கும் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர்களில் மிகப் பலருக்கு உத்தியோகமும் வியாபாரமும், பிள்ளைகளின் மேற்படிப்பும், பெரிய வைத்தியமும் ஆற்றுக்கு அக்கரையிலே திருச்சிராப்பள்ளி நகரத்தில் இருப்பதால், பெட்ரோல் விலை ஏறியது என்ற செய்தி அவர்களுடைய மாதாந்தரக் கணக்கில் மறுநாளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. குளிர் தேசங்களில் எரிபொருள் விலை உயரும்போது வீட்டை எப்படிச் சூடாக வைத்துக்கொள்வது என்று ஜனங்கள் கலங்குகிறார்கள். சித்திரை வைகாசி வெயிலைத் தணித்துக்கொள்ள வழி தேடும் நமக்கு அந்தக் கலக்கம் இல்லை. அதன் ஸ்தானத்தில் நமக்கு இருப்பது அடுப்பு. வண்டிக்குப் பெட்ரோல், அடுப்புக்கு கேஸ் என்ற இவ்விரண்டும் சேர்ந்து ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வருமானத்தில் எவ்வளவைக் கொண்டுபோகின்றன என்பதையும், அதில் எந்தப் பகுதி நம் கையில் இருக்கிறது, எந்தப் பகுதி நம் கைக்கு எட்டாதது என்பதையும் நிதானமாகப் பார்ப்பது அவசியமாகிறது.

தெப்பக்குளத்தை அடுத்த ஜவுளிக் கடைகளில் ஒன்றிலோ, கன்டோன்மென்ட் பக்கத்து அலுவலகம் ஒன்றிலோ வேலை பார்க்கும் ஒருவர், போக வரத் தினம் 20 கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதாகவும், மாதத்தில் 25 நாள் வேலைக்குச் செல்வதாகவும், அவருடைய வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் 11 லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 1,100 ரூபாய். இதனோடு மாதம் ஒரு சிலிண்டர் என்ற கணக்கில் கேஸையும் சேர்த்தால், 2025 ஏப்ரலில் சென்னையில் இருந்த விலை 868 ரூபாய் 50 காசு என்ற அளவிலேயே மொத்தம் 2,000 ரூபாயை நெருங்குகிறது. மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கிறவருக்கு இது எட்டில் ஒரு பங்குக்கும் மேல். வீட்டில் இரண்டாவது வண்டி ஒன்று இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கஷ்டம்.

இந்த விலை எப்படி உண்டாகிறது? நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. காவிரிப் படுகையிலேயே, நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் பக்கத்தில் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்களே, அது நமக்குச் சகாயமாகக் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது, ஏனென்றால் 2002 ஏப்ரலில் பழைய நிர்வாக விலை முறை நீக்கப்பட்ட பிறகு, உள்நாட்டு எண்ணெய்க்கும் உலகச் சந்தை விலையே அளவுகோலாக வந்துவிட்டது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையின் மேலிருந்த அரசாங்கக் கட்டுப்பாடும், 2014 அக்டோபரில் டீசல் விலையின் மேலிருந்த கட்டுப்பாடும் விலகின. 2017 ஜூன் 16 முதல் தினந்தோறும் காலையில் விலையைத் திருத்தும் வழக்கமும் வந்தது.

உலக விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் நியாயமாகச் சொல்லப்பட்டது. அநுபவமோ வேறு விதமாக இருந்தது. 2020-இல் கொள்ளை நோயின் காரணமாக உலகெங்கும் போக்குவரத்து ஸ்தம்பித்து, கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே விழுந்தபோது, மத்திய அரசு மார்ச்சிலும் மே மாதத்திலும் கலால் வரியை உயர்த்தியதால், 2014-இல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் வரி 32 ரூபாய் 98 காசாயிற்று. இறங்கிய விலையின் லாபம் ஜனங்களுக்கு வந்து சேரவில்லை. பிறகு எண்ணெய் விலை ஏறத் தொடங்கியதும், ஏறிய விலையும் ஏற்றிய வரியும் ஒன்றாய்ச் சேர்ந்து, 2021 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழகத்தில் பெட்ரோல் நூறு ரூபாயைக் கடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில அரசு மூன்று ரூபாயும், நவம்பரில் மத்திய அரசு ஐந்து ரூபாயும் குறைத்தன. உக்ரைன் யுத்தத்தினால் 2022 வசந்தத்தில் சென்னையில் 110 ரூபாய் 85 காசு வரை சென்ற விலை, மே மாதத்தில் மத்திய வரி இன்னுமொரு எட்டு ரூபாய் குறைந்த பின்னரே தணிந்தது.

நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் இரு அரசுகளின் வரியாகப் போகிறது. மாநில வரி, 13 சதவிகிதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் ஆகும். மத்திய வரியிலோ மாநிலங்களுடன் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றதெல்லாம் செஸ், விசேஷக் கலால் என்ற பெயர்களில் மத்திய அரசிடமே நிற்கிறது. மாநில அரசு தன் வரியைக் குறைக்கத் தயங்குவதற்கும், இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவதற்கும் காரணம் இதில்தான் அடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் மேலாக, இப்போது விற்கப்படும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலினதை விட மூன்றில் ஒரு பங்கு குறைவாதலால், அதே பணத்துக்கு வண்டி ஓடும் தூரமும் சிறிது குறைகிறது. அந்தக் குறைவுக்குத் தக்கபடி விலையும் குறைந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேஸின் கதை இதைவிட வேதனையானது. 2015 ஜனவரி முதல் மானியத்தை வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் முறை தேசமெங்கும் வந்தபோது, சிலிண்டரின் முழு விலையையும் முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் மானியத்துக்குக் காத்திருக்கும்படி ஆயிற்று. 2020-இன் நடுவிலிருந்து, உஜ்வலா திட்டத்தில் சேர்ந்தவர்கள் நீங்கலாக, பெரும்பாலோருக்கு அந்த மானியமும் நின்றுபோயிற்று. அவ்வாண்டு சென்னையில் 610 ரூபாயாக இருந்த 14.2 கிலோ சிலிண்டர், 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. பின்னர் 2023 ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்து, 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறியது. நம் தேசத்தில் செலவாகும் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதியாவதாலும், அதன் விலை சவூதி அரேபிய நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையைத் தழுவி நிற்பதாலும், மேற்காசியாவில் எழும் எந்தக் கலகமும் சித்திரை வீதியின் சமையலறை வரை வந்து சேருகிறது. ராஜகோபுரத்தை அண்டிய மெஸ்களும் காபிக் கடைகளும் வாங்கும் 19 கிலோ வர்த்தகச் சிலிண்டரோ மாதப் பிறப்பன்று விலை மாறுவது. அது 2021 நவம்பரில் ஒரே நாளில் 266 ரூபாய் ஏறிச் சென்னையில் 2,133 ரூபாயைத் தொட்டது. யாத்திரிகர் சாப்பிடும் இரண்டு இட்லியின் விலை ஏன் ஏறியது என்று கேட்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

எரிபொருள் முடை நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அருமையாகி ரேஷனுக்கு வந்த காலத்தில், மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரியைப் புகைத்து வாயு எடுக்கும் யந்திரத்தைச் செய்து கொடுக்க, அதைப் பின்புறம் சுமந்துகொண்டு கரி பஸ்கள் ஓடின. வீடுகளில் விறகடுப்பும் குமுட்டியும், மரத்தூள் அடுப்பும், பின்பு கிருஷ்ணாயில் ஸ்டவ்வும் இருந்தன. ஒன்று தீர்ந்தால் மற்றொன்று கைகொடுத்தது. ஆனால் அந்தப் புகையில் நின்று கண்ணையும் மார்பையும் கெடுத்துக்கொண்டவர்கள் நம் தாய்மார்களே. ஆகையால், விலை ஏறிவிட்டது, பழையபடி விறகுக்குத் திரும்புங்கள் என்று சொல்லும் யோசனையை நான் அடியோடு மறுக்கிறேன்.

அடுப்பில் மிச்சம் பிடிப்பதற்குச் சாஸ்திர சம்மதமான வழிகள் உண்டு. தண்ணீர் ஒருமுறை கொதித்த பிறகு, தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் உஷ்ணம் உயருவதில்லை, ஆவியே அதிகமாகிறது. ஆதலால் கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி வைப்பதனால் பண்டம் வேகத் தாமதமாகாது. பிரஷர் குக்கரின் உள்ளே உஷ்ணம் 120 டிகிரி வரை செல்வதால் நேரம் குறைகிறது. பருப்பையும் கடலையையும் முன்னதாக ஊறவைத்தால் இன்னும் குறைகிறது. ஜுவாலை நீலமாக இன்றி மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்டக்ஷன் அடுப்புக்கு மாறிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை மின்சாரத்தால் செய்ய ஏறத்தாழ 140 முதல் 150 யூனிட் வரை வேண்டியிருக்கும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசமானாலும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுவதால், விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஓடும் வீட்டில் முழுச் சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றுவது நஷ்டத்தில் முடியலாம். பால் காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் மட்டும் அதை வைத்துக்கொண்டு, தங்கள் மின் அட்டையைப் பார்த்து எல்லையை வகுத்துக்கொள்வதே உசிதம். சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்வதும், வீட்டில் கொண்டு தரும் கூலி பில் தொகையிலேயே அடக்கம் என்பதைச் சுட்டிக்காட்டுவதும் வாங்குபவரின் உரிமை.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், சீரான மித வேகத்தில் செல்வதும், சிக்னலில் இஞ்சினை அணைப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம் என்பதையும், அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம் என்பதையும் அறியாதவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இவற்றாலெல்லாம் பத்தில் ஒன்றோ இரண்டோ மிச்சமாகலாம். பெரிய மிச்சம் தூரத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது. சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைப்பதாக 1976-இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் 2022-இன் இறுதியில் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு, மறு ஆண்டு தொடக்கத்தில் திறக்கப்படும் வரையில், சென்னைப் புறவழிச் சாலையின் வழியே சுற்றிச் சென்றவர்கள், வண்டியும் விலையும் மாறாமலே பெட்ரோல் செலவு எப்படிக் கூடியது என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். 2025-இல் பஞ்சப்பூரில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டு வெளியூர் பஸ்கள் அங்கே சென்றுவிட்டதும் தீவில் இருப்பவருக்குத் தூரத்தைக் கூட்டியிருக்கிறது. இதற்கெல்லாம் மாற்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய பஸ் நிலையத்திலிருந்து சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸை அறியாதவர் இவ்வூரில் இல்லை; 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அம்மாமண்டபத்திலிருந்து வேலைக்குச் செல்லும் ஒரு பெண் வண்டியை விட்டு அந்தப் பஸ்ஸில் ஏறினால், அவருடைய பெட்ரோல் செலவு முழுவதும் மிச்சம். எந்தச் சிக்கன உபாயமும் அவ்வளவு தராது.

ஆயினும் சிக்கனம் செய்யச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரும், வீட்டு வேலைக்கு நடந்தே போகிறவரும் பெட்ரோலே போடாவிட்டாலும், லாரியில் வரும் வெங்காயத்தின் விலையில் டீசலின் விலையைக் கொடுக்கிறார்கள். சிலிண்டரை ஏற்கெனவே ஒன்றரை மாதம் இழுத்துப் பிடிக்கிற வீட்டில் இனிக் குறைக்க என்ன இருக்கிறது? சிக்கனம் என்ற கடமை இரண்டு வண்டி உள்ள வீட்டுக்கு உரியது. சமையல் கேஸ் விலையை ஏழை வீட்டின் கைக்கு எட்டும்படி ஸ்திரமாக வைப்பது அரசுகளுக்கு உரியது.

ஒன்றாம் நம்பர் பஸ் காலை நெரிசல் வேளையில் இன்னும் நெருக்கமாகவும், கடைகள் சாத்தும் இரவு நேரத்தில் தவறாமலும் ஓட வேண்டும். ஸ்ரீரங்கத்துக்கும் பஞ்சப்பூருக்கும் இடையே வேண்டிய அளவு நேர் பஸ்கள் வேண்டும். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளை எழுதி, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.