வெயில் காலத்துச் சளி

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மின்விசிறியே அனலை வாரி இறைக்கும் நடுப்பகலில், பக்கத்து வீட்டு அக்காவின் மகன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கொட்டாவி மேல் கொட்டாவி. "ஒரு வாரமா இந்தச் சளி போக மாட்டேங்குது தம்பி. சாயங்காலம் வெளிய போயிட்டு வந்தா நல்லாத்தான் இருக்கான். விடிஞ்சா மறுபடியும் புடிச்சுக்குது" என்றார் அக்கா. சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கசாயம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

வெளியே போய்வந்தால் சரியாகிவிடும் சளி எங்காவது உண்டா? அறிவியல் எழுதிப் பிழைக்கும் எனக்கே அன்று அது உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்கா, பீரோவுக்குப் பின்னால் கிடந்த காலி மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்து எடுத்துவந்து காட்டினார். டேபென்டடால் என்று அச்சாகியிருந்தது.

கடும் வலிக்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை அது. மார்ஃபினும் ஹெராயினும் மூளையில் எந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றனவோ, அதே ஏற்பிகளில்தான் இதுவும் ஒட்டும்; எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். 'வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்' என்று நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் வகை. இதை நரம்பில் ஏற்றிக்கொள்பவர்களுக்கு, மாத்திரையைக் கெட்டியாகப் பிடித்துவைப்பதற்காகச் சேர்த்த மாவுப் பொருட்கள் ரத்தக்குழாயை அடைத்துப் புண்ணாக்கும். முழுக்கைச் சட்டை அந்தப் புண்களை மறைக்கத்தான்.

சளி எப்படி வந்தது? மூளைத்தண்டில், நம்மை விழிப்போடும் பரபரப்போடும் வைத்திருக்கும் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்று உண்டு. ஓபியாய்டு அதை அமுக்கும். நாள்தோறும் அமுக்கப்படும் அணுக்கள் ஈடுகட்ட வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மருந்து இறங்கியதும் கூட்டிய வேகம் அப்படியே பீறிட்டு வெளிப்படும். கண்ணும் மூக்கும் ஒழுகும், ரோமம் சிலிர்க்கும், கால் குடையும், வயிறு போகும், தூக்கம் வராது. மருந்து ஏறியிருக்கும்போது குண்டூசி முனையாய்ச் சுருங்கியிருந்த கண்மணி இப்போது விரிந்துகிடக்கும். அடுத்த வேளை உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

இது மட்டும் இருந்தால் அடிமை என்று சொல்லிவிட முடியாது. புற்றுநோய் வலிக்கு மாதக்கணக்கில் மார்ஃபின் சாப்பிடும் பாட்டிக்கும் திடீரென்று நிறுத்தினால் இதே பாடுதான். அவரை யாரும் போதை அடிமை என்பதில்லை. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட வரையறையில் 11 அறிகுறிகள் உள்ளன. அளவு கூடிக்கொண்டே போவதும் நிறுத்தினால் உடல் படுத்துவதும் அவற்றில் இரண்டே இரண்டு. மருத்துவர் சொன்னபடி சாப்பிடுபவருக்கு அந்த இரண்டும் கணக்கிலேயே வராது. மற்ற ஒன்பதும் வாழ்க்கையைப் பற்றியவை. நினைத்ததைவிட அதிகம் எடுப்பது, குறைக்க முயன்று தோற்பது, அதைத் தேடியே பொழுது கழிவது, படிப்பும் வேலையும் உறவும் கெடுவது, கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது இப்படி. ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தால் லேசான நிலை. ஆறும் அதற்கு மேலும் என்றால் தீவிரம்.

நம் வீடுகளில் தேடுவதோ சிவந்த கண்ணையும் தள்ளாட்டத்தையும். அக்காவின் மகன் ஒருநாளும் தள்ளாடவில்லை. நாள் தவறாமல் வாலிபால் ஆடப் போனவன் நிறுத்தியிருந்தான். ஷூவில் சிலந்தி வலை பின்னியிருந்ததை அக்காதான் பிற்பாடு சொன்னார்.

அட்டை சிக்கிய வாரமே குலதெய்வக் கோயிலில் சத்தியம் வாங்கிக் கையில் கயிறும் கட்டியாயிற்று. பையன் தேம்பி அழுதான். மூன்று வாரம் சுத்தமாக இருந்தான். பிறகு ஒரு மாலை பழைய நண்பனின் பைக் தெருமுனையில் வந்து நின்றது. "பொய்ச் சத்தியம் பண்ணிட்டான்" என்று அக்கா மாய்ந்துபோனார். அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களைக் கவனித்த நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டது இதுதான்: பழச்சாறு வரப்போவதை ஒரு விளக்கு அறிவிக்கும் என்று குரங்கு பழகியபின், அணுக்கள் துடித்தெழுவது சாறு வாய்க்குள் விழும்போது அல்ல, விளக்கு எரியும்போதே. பையனுக்கு அந்த பைக் சத்தம்தான் விளக்கு.

இதைப் பார்க்க ஆய்வகத்துக்குப் போகவேண்டியதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்ட நாளெல்லாம் ஒரு சொட்டுத் தொடாத குடிகாரர்கள் எந்தத் தெருவில் இல்லை? 'நெனச்சா விட்டுருவாரு' என்று வீட்டார் தேறிக்கொள்வார்கள். மாலை போட்டவரின் உடை வேறு, எழும் நேரம் வேறு, கூட இருப்பவர்களும் சாமிகள். மாலையைக் கழற்றியதும் அதே தெரு, அதே கூட்டாளிகள். சூழல் மாறினால் என்ன ஆகும் என்பது வியட்நாம் போரில் பெரிய அளவில் தெரிந்தது. அமெரிக்க வீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையாகியிருந்தார். 1971-ல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து விசாரித்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று ஆண்டில் 12. அவர்கள் அந்தக் காட்டையும் முகாமையும் விட்டே வந்துவிட்டவர்கள். நம் பையன்களுக்குத் தெருமுனை வீட்டிலிருந்து நாற்பது அடி.

அந்த மூன்று வாரத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. விட்டிருந்த நாட்களில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். ஓபியாய்டு மூச்சை அமுக்குவது. தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்து, உதடு நீலம் பாரித்தால் 'தூங்கட்டும்' என்று விடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் பூட்டிவைத்துத் தெளியவைக்கும் வைத்தியமும் வேண்டாம். வருடக்கணக்கில் பெருங்குடி குடித்தவரோ, தூக்க மாத்திரைக்குப் பழகியவரோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கும் 'குடி மறக்கும் மருந்து' பற்றிக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, விவரம் தெரியாதவர் மேலே குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்.

எப்போது உதவி தேடுவது? நிறுத்துகிறேன் என்று மனதாரச் சொல்லி, ஒருமுறை நிறுத்த முடியாமல் போன அன்றே. இரண்டாவது சத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 14446 கட்டணமில்லாத் தேசிய உதவி எண். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980-ல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனையும் இருக்கிறது. "போலீஸ் கேசாயிடுமா தம்பி?" என்பதுதான், இதையெல்லாம் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும் அடிமைக்கு, உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்குமான வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

மறுநாள் மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று மருத்துவர் கேட்கவில்லை. "கடைசியா எப்போ போட்ட?" என்றுதான் கேட்டார். முந்தின நாள் ராத்திரி என்றான். பூப்ரநார்ஃபின் என்ற மாத்திரை ஓபியாய்டு ஏற்பிகளில் இறுக்கமாக உட்கார்ந்து ஏக்கத்தைத் தணிக்கும். போதை ஏற்றாத அளவுக்கே வேலை செய்யும். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போது கொடுத்தால் அதை விரட்டியடித்து அவதியைக் கூட்டிவிடும். அதனால் காத்திருக்கச் சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கொட்டாவி தொடங்கியது, மூக்கு ஒழுகியது, முன்கை ரோமம் சிலிர்த்தது. அன்று அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். செவிலியர் வந்து பார்த்துவிட்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, "கரையற வரைக்கும் பேசக்கூடாது, முழுங்கக்கூடாது" என்றார். ஐந்தாறு நிமிடம் ஆயிற்று. அக்கா முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.